நுரையீரலில் குடியேறும் கிருமி: சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் இரண்டு பரம்பரைக் கதைகள்

மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் படிப்பிக்கும்போது, பரம்பரை நோய்கள் பற்றிய பாடத்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பெயர் வந்து போகும். பின்னிடைவான பரம்பரையலகு, நான்கில் ஒரு பிள்ளைக்கு வரும், சரி, அடுத்த கேள்வி என்று நானும் பல வருடம் நகர்ந்திருக்கிறேன். போன தவணை ஒரு மாணவி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"சேர், இது தாய் தகப்பன்ட்ட இருந்து வாற வருத்தமெண்டா, பிறகு ஏன் கிருமிக்கு மருந்து குடுக்காங்க?"

அருமையான கேள்வி. தலசீமியாவும் பரம்பரை நோய்தான், அதற்குக் கிருமி காரணமில்லை. நிறக்குருடு பரம்பரையாக வருவது, அதிலும் கிருமிக்கு வேலையில்லை. ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் உயிரை அதிகமாகப் பறித்தது, வருடக்கணக்காக நுரையீரலில் தங்கியிருந்து அதை அழிக்கும் பற்றீரியாத் தொற்றுத்தான். பிறக்கும்போது அந்தப் பிள்ளையின் நுரையீரல் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுடையதைப் போலவே இருக்கும். பிறகு என்ன நடக்கிறது?

அன்று வகுப்பில் பத்து நிமிடத்தில் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், இந்த நோய்க்குள் இரண்டு பரம்பரைக் கதைகள் ஓடுகின்றன. ஒன்று மனிதனுடையது: ஒரேயொரு பரம்பரையலகில் வந்த பிழை, கிருமிக்கு இடத்தைத் தயார் செய்து கொடுக்கிறது. மற்றது கிருமியுடையது: அந்த இடத்துக்கு வந்த பற்றீரியா தன் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு அங்கேயே வாழப் பழகுகிறது. முதல் கதையைப் பாடப்புத்தகம் சொல்கிறது. இரண்டாவதை யாரும் சொல்வதில்லை.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பரம்பரையலகு என்பதைத் தமிழ்நாட்டில் மரபணு என்பார்கள். நிறமூர்த்தம் என்றால் குரோமோசோம், கலம் என்றால் செல், விகாரம் என்றால் மரபணுப் பிறழ்வு. இங்கே எங்கள் பிள்ளைகள் படிக்கும் சொற்களையே வைத்துக்கொள்கிறேன்.

முகத்துவாரம் அடைபட்டால்

மட்டக்களப்பு வாவியை அறிந்தவர்களுக்கு இந்த நோயின் முதல் பாதியை விளக்குவது எளிது. வாவியின் நீர் கடலைச் சேர ஒரு வாய் வேண்டும். பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தில் மணல் திட்டு அடைத்துக்கொண்டால் நீரோட்டம் நின்றுவிடும். மாரியில் வெள்ளம் ஏறும்போது ஆற்றுவாயை வெட்டிவிடச் சொல்லி ஊரே கேட்கும். ஓட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? சேறு படியும், ஆற்றுவாழை படர்ந்து மூடும், தண்ணீர் நாறும்.

எங்கள் மூச்சுக்குழாயின் உட்சுவரிலும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அதன் மேலே சளி ஒரு போர்வைபோல மிதக்கும். சுவரில் இருக்கும் கலங்களுக்குப் பிசிர் என்ற நுண்ணிய மயிர்கள் உண்டு. அவை நொடிக்குப் பத்துத் தடவை அளவில் அடித்து, அந்தச் சளிப் போர்வையை மேலே தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மூச்சோடு உள்ளே போகும் தூசும் கிருமியும் சளியில் ஒட்டி, மேலே வந்து, நாங்கள் அறியாமலே விழுங்கப்பட்டுவிடும். இப்போது இதை வாசிக்கும்போதும் உங்கள் மூச்சுக்குழாயில் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த நீர்ப்படலத்தைச் சரியான அளவில் வைத்திருப்பது உப்பு. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் போகும் என்பது ஊறுகாய் போடும் எல்லோருக்கும் தெரியும். கலத்தின் சவ்வில் குளோரைட்டு அயன்களை வெளியே விடும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் ஒரு புரதம், 1480 அமினோவமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அதன் பெயர் சி.எஃப்.டி.ஆர். அப்பச்சோடாவில் இருக்கும் பைகாபனேற்றையும் இந்த வாசல் வெளியே விடும். இது முக்கியம், ஏனென்றால் சளி நன்றாக விரிந்து இளகுவதற்கும், மூச்சுக்குழாயில் இருக்கும் இயற்கையான கிருமிக்கொல்லிப் புரதங்கள் வேலை செய்வதற்கும் பைகாபனேற்று தேவை. வாசல் அடைபட்டால் நீர்ப்படலம் வற்றும், சளி இறுகும், பிசிர்கள் அதற்குள் சிக்கி ஓய்ந்துவிடும். முகத்துவாரம் அடைபட்ட வாவிதான்.

இதே வாசல் வியர்வைக் குழாயிலும் உண்டு. அங்கே அதன் வேலை மறுபக்கமாக நடக்கிறது. வியர்வையில் வெளியேறப் போகும் உப்பை அது மீட்டு உள்ளே எடுக்கும். வாசல் வேலை செய்யாவிட்டால் உப்பு வியர்வையோடு போய்விடும். அதனால்தான் இந்த நோயுள்ள பிள்ளையை உம்மா கொடுத்துக் கொஞ்சும் தாய்க்கு உதட்டில் உப்புக் கரிக்கும். நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை பிழைக்காது என்று ஐரோப்பாவில் பழைய காலத்திலேயே ஒரு பேச்சு இருந்தது. பின்னால் 1948இல் நியூயோர்க்கில் கடும் வெப்பம் அடித்தபோது, உப்பிழந்து சோர்ந்து வைத்தியசாலைக்கு வந்த பிள்ளைகளில் பலருக்கு இந்த நோய் இருந்ததை போல் டி சான்ட்அக்னீஸ் என்ற வைத்தியர் கவனித்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றும் பயன்படும் வியர்வைப் பரிசோதனை. வியர்வையில் குளோரைட்டு லீற்றருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கம் அடிக்கும் வெக்கையை நினைத்தால், இங்கே அப்படி ஒரு பிள்ளை எவ்வளவு உப்பை இழக்கும் என்று கவலை வருகிறது. வெப்ப நாடுகளில் சில பிள்ளைகளுக்கு நோயின் முதல் அடையாளமே இந்த உப்பிழப்புத்தான்.

மூன்று எழுத்து

இந்தப் பரம்பரையலகு ஏழாவது நிறமூர்த்தத்தின் நீண்ட கையில் இருக்கிறது. 1989இல் அதைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள்: ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் லாப்-சீ சூயி, ஜோன் ரியோர்டன், அமெரிக்காவின் மிச்சிகனில் பிரான்சிஸ் கொலின்ஸ். எங்களில் எத்தனையோ பேரின் அண்ணன்மாரும் மாமிமாரும் இன்று வசிக்கும் அதே ரொறன்ரோதான்.

அவர்கள் கண்ட முதல் பிழையே உலகில் அதிகமாகக் காணப்படும் பிழை. டி.என்.ஏ.வில் மூன்று எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால் புரதச் சங்கிலியில் 508ஆவது இடத்தில் இருக்க வேண்டிய பினைல்அலனின் என்ற ஓர் அமினோவமிலம் இல்லை. 1480இல் ஒன்று. ஆனால் அந்த ஒன்று இல்லாததால் சங்கிலி சரியாக மடிவதில்லை. கலத்துக்குள் புரதங்களைச் சரிபார்க்கும் இடம் அதைப் பழுதானது என்று கண்டு சவ்வுக்கு அனுப்பாமலே அழித்துவிடுகிறது.

உன்னிச்சைக் குளத்தின் மதகுக் கதவை நினைத்துப் பாருங்கள். கதவு செய்யும் வேலையே பாதியில் நின்றுபோகலாம். செய்த கதவு வளைந்திருப்பதால் பட்டறையிலேயே ஒதுக்கப்படலாம். பொருத்திய கதவு துருப்பிடித்துத் திறக்காமல் நிற்கலாம். குளத்துக்குக் கீழே வேளாண்மை செய்பவருக்கு எல்லாம் ஒன்றுதான், தண்ணீர் வராது. ஆனால் திருத்த வருபவருக்கு எந்தப் பழுது என்று தெரிய வேண்டும். சி.எஃப்.டி.ஆர். பரம்பரையலகில் இதுவரை 2000க்கு மேற்பட்ட வேறுபாடுகள் பதிவாகியிருக்கின்றன, அவையெல்லாம் நோயை உண்டாக்குவதில்லை. 508ஆவது இடப் பிழை பட்டறையில் ஒதுக்கப்பட்ட கதவு. 551ஆவது இடத்தில் வரும் இன்னொரு பிழை, பொருத்தியும் திறக்காத கதவு.

ஐரோப்பிய வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலான நோயாளிகளிடம் அந்த 508ஆவது பிழையின் ஒரு பிரதியாவது இருக்கும். தெற்காசியர்களிடம் அதன் பங்கு குறைவு, வேறு பிழைகள் கலந்திருக்கும். ஐரோப்பியருக்காகத் தயாரித்த பரிசோதனைப் பட்டியல் எங்கள் பிள்ளையின் பிழையைத் தவறவிடக்கூடும் என்பது இதன் விளைவு. "டி.என்.ஏ. பார்த்தாச்சு, ஒன்றும் இல்லை" என்ற அறிக்கையோடு மட்டும் நின்றுவிடாமல் வியர்வையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். விடாத இருமல், சளி, எடை ஏறாத உடம்பு எல்லாவற்றையும் ஆஸ்துமா என்றோ சயரோகம் என்றோ எண்ணி வருடங்கள் போய்விடுவதும் எங்கள் பிராந்தியத்தில் நடக்கிறது.

நோய் வருவதற்கு இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்க வேண்டும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர் காவி, அவருக்கு நோய் இல்லை. தாயும் தகப்பனும் காவிகள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இதில் எங்கள் ஊர் வழக்கத்தோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. இரத்தக் கலப்பைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பாதி சரி. மாமன் மகளோ மாமி மகளோ வேறு குடிதான், அதனால் மச்சாளைக் கட்டுவதற்குத் தடையில்லை. ஆனால் ஏழாவது நிறமூர்த்தத்துக்குக் குடி தெரியாது. அது தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று வருகிறது. ஒருவர் காவி என்றால், அவருடைய சொந்த மச்சாளிடம் அதே பழுதான பிரதி இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அவர்கள் கட்டினால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. இந்த நோய் அரிதாக உள்ள சமூகத்தில், சொந்தமில்லாத ஒருவரைக் கட்டும்போது இருப்பதைவிட இது மிக அதிகம். மச்சாள் கலியாணத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தால், கலியாணம் பேசும் முன் அந்தக் குடும்பம் ஒரு வைத்தியரிடம் கேட்பது நல்லது.

கிருமி வந்து சேர்கிறது

ஓட்டம் நின்ற சளியில் முதலில் தங்குவது பொதுவாக ஸ்டாஃபிலோகொக்கஸ் ஓரியஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா போன்றவை. குழந்தைப் பருவத்தில் இவைதான் அதிகம். கிருமி தங்கியதும் உடல் வெண்குருதிக் கலங்களை, சுருக்கமாக வெண்கலங்களை, படைபோல அனுப்பும். இங்கேதான் வேதனையான விடயம். அந்த வெண்கலங்கள் இறுகிய சளிக்குள் கிருமியைச் சரியாகப் பிடிக்க முடியாமல் அங்கேயே செத்து உடைகின்றன. உடைந்ததும் அவற்றின் டி.என்.ஏ. வெளியே கொட்டி, நீளமான நூல்களாகச் சளியோடு பின்னி அதை இன்னும் தடிப்பாக்குகிறது. அவற்றிலிருந்து வெளியேறும் நொதியங்கள் நுரையீரலின் சொந்தச் சுவரையே அரிக்கின்றன. 1993இல் வந்த டோர்னேஸ் அல்ஃபா என்ற மருந்து இந்த டி.என்.ஏ. நூல்களை வெட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. நுண்துளிப் புகையாக்கி உள்ளே இழுத்தால் சளி இளகும்.

வளர வளர மேலே வருவது சூடோமோனாஸ் எருஜினோசா. இந்தக் கட்டுரையின் முக்கிய பாத்திரம் இதுதான். எங்கோ தூர தேசத்துக் கிருமி அல்ல. மண்ணில் இருக்கிறது, குளத்தில் இருக்கிறது, குசினித் தொட்டியின் வடிகாலிலும் இருக்கிறது. நீலப் பச்சை நிறச் சாயம் சுரக்கும். எருஜினோசா என்ற பெயரே செம்புக் களிம்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தின் பச்சை. நல்ல நுரையீரல் உள்ளவர் தினமும் இதைச் சந்திக்கிறார், ஒன்றும் ஆவதில்லை.

2000ஆம் ஆண்டில் இந்தப் பற்றீரியாவின் முழு டி.என்.ஏ.வையும் வாசித்து முடித்தார்கள். 63 லட்சம் எழுத்துகள், ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகள். ஒரு பற்றீரியாவுக்கு இது பெரிய சொத்து. எந்த உணவையும் தின்னவும், எந்த இடத்திலும் பிழைக்கவும், மருந்தைத் துப்பிவிடவும் அதற்குள் ஏற்கனவே வழி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அத்தோடு, எந்த வழியை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுப் பரம்பரையலகுகளும் நூற்றுக்கணக்கில் உண்டு. இதை மனதில் வைத்திருங்கள், ஏனென்றால் நுரையீரலில் முதலில் உடைவது இந்தக் கட்டுப்பாடுகள்தான்.

நுரையீரலுக்குள் நடக்கும் வேளாண்மை

வயலுக்கு எண்ணெய் அடிப்பவர்களுக்குத் தெரியும். ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்தால் சில வருடங்களில் அதற்குச் சாகாத களை மட்டும் மிஞ்சி நிற்கும். களை யோசித்துத் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயிரமாயிரம் செடிகளில் ஒன்றிரண்டில் தற்செயலாக ஒரு மாற்றம் இருந்தது. மற்றவை செத்தன, அது விதை போட்டது. அவ்வளவுதான்.

நுரையீரலுக்குள்ளும் இதுவே நடக்கிறது, ஆனால் கணக்கு மிகப் பெரியது. நோய் முற்றிய ஒருவரின் ஒரு மில்லிலீற்றர் சளியில் பத்துக் கோடி பற்றீரியா இருக்கலாம். பற்றீரியா தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது ஆயிரம் பிரதிகளில் ஒரு சிலவற்றில்தான் எழுத்துப் பிழை விழும். பத்துக் கோடி பற்றீரியா ஒரு தரம் பெருகினால் அது லட்சக்கணக்கான புதுப் பிழைகள். பெரும்பாலானவை வீண். ஒன்றிரண்டு அந்த இடத்துக்கு வாய்ப்பானவை. வருடக்கணக்கில் இது ஓடுகிறது.

எந்தப் பிழைகள் வாய்ப்பானவை என்று பார்த்தால்தான் கதை பிடிபடும்.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாள் தட்டத்தைத் திறக்கும்போது, முன்பு தட்டையாக வளர்ந்த சூடோமோனாஸ் இப்போது வழவழவென்று பளபளத்துக் கோழைபோல வழிந்து நிற்கும். வைத்தியர்கள் அஞ்சும் திருப்பம் இது. அந்த வழவழப்பு அல்ஜினேற்று என்ற சர்க்கரைச் சங்கிலி. கடற்பாசியிலும் இருப்பது, பல் வைத்தியர் வாய்க்குள் வைத்து அச்சு எடுப்பாரே, அந்தக் களியும் இதுதான். பற்றீரியா இதைச் சுற்றிப் பூசிக்கொண்டால் வெண்கலம் அதை விழுங்க முடியாது.

அல்ஜினேற்று செய்யும் பரம்பரையலகுகள் மண்ணில் வாழும் சூடோமோனாஸிடமும் உண்டு. சாதாரணமாக அவை ஓய்ந்திருக்கும். அவற்றை முடுக்கும் ஒரு புரதத்தை மக்-ஏ என்ற இன்னொரு புரதம் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். வண்டில் மாட்டின் மூக்கணாங்கயிறு மாதிரி. நுரையீரலில் வாழும் சூடோமோனாஸில் அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. மக்-ஏ பரம்பரையலகில் ஓரிடத்தில் ஒரே எழுத்து ஐந்து தரம் தொடர்ந்து வருகிறது. படியெடுக்கும்போது அதில் ஒன்று விடுபட்டுப்போவது மிகச் சாதாரணம். எழுத்து ஒன்று விடுபட்டதும் அதற்குப் பின்னால் உள்ள வாசிப்பு முழுவதும் குழம்பி, மக்-ஏ புரதம் பாதியில் முடிந்துவிடும். பிடி விட்டதும் அல்ஜினேற்று கொட்டத் தொடங்குகிறது. நோயாளியிடம் மூன்று எழுத்து விடுபட்டது, கிருமியிடம் ஒரு எழுத்து விடுபட்டது. இந்த இரண்டும் ஒரே மார்புக்குள் சந்திப்பதை முதன்முதலில் வாசித்தபோது அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்து, பற்றீரியா சண்டைக்காரத் தோற்றத்தை விடுகிறது. மண்ணிலிருந்து வந்த புதிதில் அதற்கு நீந்துவதற்கு வால்போல ஒரு சவுக்குமுளை இருக்கும். அந்தச் சவுக்குமுளையின் புரதத்தைக் கண்டதும் எங்கள் நோயெதிர்ப்பு மண்டலம் உசாராகிவிடும். ஓடாத சளிக்குள் நீந்தத் தேவையும் இல்லை. எனவே சவுக்குமுளையை இழந்தவை தப்பிப் பிழைக்கின்றன. நச்சுப் புரதங்கள் செய்வதும் குறைகிறது. பற்றீரியாக்கள் ஒன்றுக்கொன்று இரசாயனச் சமிக்ஞை கொடுத்து, ஆட்கள் போதுமான அளவு சேர்ந்ததும் கூட்டாக நச்சும் நொதியமும் சுரக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்குத் தலைமை தாங்கும் லாஸ்-ஆர் என்ற பரம்பரையலகு, நாட்பட்ட தொற்றில் அடிக்கடி பழுதாகிக் கிடக்கிறது. சளியில் அமினோவமிலம் தாராளமாக இருக்கும்போது வேட்டைக் கருவிகளைச் செய்து சக்தியைச் செலவழிப்பானேன்? ஊருக்குள் ஒதுங்கி, சத்தமில்லாமல் வாழும் கிருமியாக அது மாறிவிடுகிறது. அதனால் நோயாளிக்கு நல்லது என்று நினைத்துவிடக்கூடாது. அது தங்கியிருப்பதே வெண்கலப் படையை வரவழைத்துக்கொண்டிருக்கும், நுரையீரல் தேய்ந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, மருந்து. கலத்துக்குள் நுழைந்த மருந்தை வெளியே இறைக்கும் பம்பிகள் சூடோமோனாஸிடம் பல உண்டு. அவற்றில் ஒன்றை அடக்கி வைத்திருப்பது மெக்ஸ்-இசட் என்ற கட்டுப்பாட்டுப் பரம்பரையலகு. டோப்ராமைசின் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து சந்திக்கும் பற்றீரியாவில் மெக்ஸ்-இசட் பழுதாகிவிட்டால், பம்பி ஓயாமல் இறைக்கும். கவனித்தீர்களா, இங்கும் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. அடக்கி வைத்த ஒன்றின் பிடியைத்தான் உடைக்கிறது.

இந்தப் பிழைகளின் வேகத்தையே கூட்டிவிடும் ஒரு பிழையும் இருக்கிறது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்போல, டி.என்.ஏ. படியெடுத்ததும் பின்னால் வந்து எழுத்துப் பிழையைத் திருத்தும் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான மட்-எஸ் பழுதானால் பிழைகள் நூறு மடங்கு, அதற்கு மேலும் கூடும். 2000ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 30 நோயாளிகளின் சூடோமோனாஸைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 36 வீதமானோரிடம் இப்படி வேகமாக மாறும் பற்றீரியா குடியிருந்தது. வேறு காரணங்களால் திடீர்த் தொற்று வந்த 75 பேரிடம் பார்த்தபோது ஒருவரிடம்கூட அது இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரல் எவ்வளவு நீண்ட, எவ்வளவு கடுமையான பள்ளிக்கூடம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

2006இல் வெளியான இன்னோர் ஆய்வு ஒரே ஒரு பிள்ளையைப் பின்தொடர்ந்தது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்த சூடோமோனாஸையும், எட்டு வயதில் எடுத்ததையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். அதே வம்சம், வெளியிலிருந்து வந்த வேறொன்றல்ல. இடையில் 68 விகாரங்கள் நிலைத்திருந்தன. ஏழரை வருடத்தில் ஒரு பிள்ளையின் மார்புக்குள் நடந்த பரிணாமம் அது.

இன்னொன்று. ஒரு நுரையீரலுக்குள் இருப்பது ஒரே மாதிரிப் பற்றீரியா அல்ல. மேல் மடலில் ஒரு கூட்டம், கீழ் மடலில் இன்னொரு கூட்டம், ஒன்று மருந்துக்குச் சாகும், மற்றது சாகாது. ஒரே சளி மாதிரியில் எடுத்து வளர்த்த இரண்டு கொலனிகள் (பற்றீரியாக் கூட்டங்கள்) வேறு வேறு முடிவு காட்டும். "பரிசோதனையில் இந்த மருந்து வேலை செய்யும் என்றார்களே, பிள்ளைக்கு ஏன் சுகமில்லை?" என்று பெற்றோர் கேட்பதற்கு ஒரு விடை இதில் இருக்கிறது.

வெங்காயமும் வயல் சேறும்

சூடோமோனாஸைவிட அரிதானது, ஆனால் சில வேளை இன்னும் கொடியது, பேர்க்ஹோல்டேரியா செபேசியா கூட்டம். 1950இல் வோல்டர் பேர்க்ஹோல்டர் இதை முதலில் விவரித்தது வெங்காயத்தை அழுகச் செய்யும் கிருமியாக. செபேசியா என்ற பெயரே வெங்காயத்துக்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். மூட்டையில் அழுகிய வெங்காயத்தின் கிருமி, ஓட்டமில்லாத நுரையீரலில் உயிர் எடுக்கும் கிருமி. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் இது ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது தெரிய வந்ததும், நோயாளிப் பிள்ளைகள் ஒன்றுகூடும் முகாம்களையே நிறுத்தினார்கள். ஒரே நோயுள்ள இருவர் இன்றும் ஆறடி தள்ளியே இருக்க வேண்டும். தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து விளையாட முடியாத நோய் இது.

இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. பேர்க்ஹோல்டேரியா சூடோமலை, மெலியோயிடோசிஸ் நோயின் கிருமி. இலங்கையில் 1927இலேயே இந்த நோய் பதிவாகியிருக்கிறது. வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும், மாரி காலத்தில் கூடும். நீரிழிவு உள்ள விவசாயிகளைத்தான் அதிகம் தாக்கும். வட அவுஸ்திரேலியாவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் நுரையீரலிலும் இது குடியேறியிருக்கிறது. எனவே எங்கள் பக்கம் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வெள்ள நீரையும் வயல் சேற்றையும் தவிர்க்கச் சொல்வது வெறும் பயம் அல்ல.

உப்பு மருந்தாவது

இந்த நோய்க்கான ஒரு மருந்தின் கதை, அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பேக்காரருக்குப் பிடிக்கும். அவுஸ்திரேலியாவில், கடல் அலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகளின் நுரையீரல் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதை வைத்தியர்கள் கவனித்தார்கள். உப்புத் தூவானத்தை மூச்சோடு இழுப்பதால் இருக்குமோ என்று யோசித்து, 7 வீத உப்புக் கரைசலைப் புகையாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. நோய் முற்றும் தருணங்கள் குறைந்தன. பழுதான வாசலால் வர முடியாத தண்ணீரை, வெளியிலிருந்து கொடுத்த உப்பு இழுத்து எடுக்கிறது. இது கிருமி நீக்கிய கரைசல், வைத்தியர் சொல்லும் அளவில் எடுப்பது. கடல் நீரை மூக்கில் இழுத்துப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் வந்தவைதான் கதவையே திருத்தும் மருந்துகள். பொருத்தியும் திறக்காத கதவைத் திறக்கும் ஐவாகாஃப்டர் 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பட்டறையில் ஒதுக்கப்படும் 508ஆவது பிழைக் கதவை நிமிர்த்தி அனுப்பி, திறக்கவும் வைக்கும் மூன்று மருந்துக் கலவை 2019இல் வந்தது. நாற்பதைக் காண்போமா என்று இருந்தவர்களின் வாழ்க்கையை அது மாற்றியிருக்கிறது. அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை வருடத்துக்கு மூன்று லட்சம் டொலருக்கு மேல். பிழை எதுவென்று கண்டுபிடித்தாலும் மருந்து எட்டாத நாடுகள் பல. இது எனக்கு ஆத்திரமூட்டும் விடயம், மறைக்க விரும்பவில்லை.

கதவைத் திருத்தும் மருந்து கிடைத்த பெரியவர்களிடம் இரண்டாவது கதை, கிருமியின் கதை, முடிந்துவிட்டதா என்று பார்த்தார்கள். ஐவாகாஃப்டர் எடுத்த நோயாளிகளில் முதல் வாரங்களிலேயே சூடோமோனாஸின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது. ஆனால் பெரும்பாலானவர்களிடம் ஒழியவில்லை. மாதங்கள் கழித்து மறுபடி ஏறியபோது வந்தது புதிதல்ல, அதே பழைய வம்சம். முகத்துவாரத்தை வெட்டியதும் ஓட்டம் வரும். வருடக்கணக்காக வேர்விட்டது உடனே போய்விடாது.

இதைச் சொன்னபோது அந்த மாணவி மறுபடியும் கேட்டாள்.

"அப்படியெண்டா சேர், அது மாறுறதுக்கு முதலே பிடிச்சா?"

அதைத்தான் செய்கிறார்கள். மண்ணிலிருந்து புதிதாக வந்த சூடோமோனாஸிடம் மக்-ஏ பழுதாகவில்லை, மெக்ஸ்-இசட் பழுதாகவில்லை, சவுக்குமுளையும் அப்படியே இருக்கிறது. அந்த நேரத்தில் டோப்ராமைசினைப் புகையாக்கி 28 நாள் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளிடம் அது போய்விடும். அதற்காகத்தான், இருமலே இல்லாத நல்ல நாளிலும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளையின் தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்துப் பார்க்கிறார்கள்.